தரிசு என்று நீ குறித்த காடு

தியாகதுருகம்,
12-10-2025, ஞாயிறு.

அன்பு மகன் கலைவாணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஹாலந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினம் போனில் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுவாய், நான் வாயடைத்துப் போவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

வீட்டுச் செய்தி என்றால், அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் மரவள்ளிக் கொல்லையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். மாவுப்பூச்சி விழுந்து பாதிச் செடி சுருண்டு கிடக்கிறது, வாணனைக் கேட்டுப் பாருங்கள் என்றேன், "அவன் இன்னா சொல்லப் போறான், கம்ப்யூட்டர்ல பாத்துட்டு செடி நல்லாகீதுன்னுவான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் உன்மேல் வருத்தம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஜெர்சி மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. தீபாவளிக்கு உனக்கு அதிரசம் அனுப்பலாம் என்று மாவு இடித்து வைத்தேன், பாகு காய்ச்சக் கை ஓடவில்லை, மாவு அப்படியே டப்பாவில் கிடக்கிறது. மனது சரியில்லை வாணா. சரியில்லை என்பதுகூடச் சரியான சொல் இல்லை. அருவருப்பாக இருக்கிறது. சாணியை மிதித்தால் காலைக் கழுவிக்கொள்ளலாம், இதை எங்கே போய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

நான் வேலை செய்கிற இடம் உனக்குத் தெரியும். வாசலில் நிலைத்தன்மை மையம் என்று பலகை இருந்தாலும் நாங்கள் எல்லோரும் கிரீன் ஆபீஸ் என்றுதான் சொல்கிறோம். இத்தனை வருஷம் பல்கலைக்கழகத்தில் கிளார்க்காக இருந்தவளை அங்கே கண்காணிப்பாளராகப் போட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். மண்ணுக்கு நல்லது செய்கிற வேலை என்று நினைத்தேன். இயக்குநர் தீனதயாளன் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு மண் மண் என்று உருகுவார், காரை விட்டு இறங்கினால் செருப்பில் மண் ஒட்டுகிறது என்று டிரைவரிடம் டிஷ்யூ கேட்பார். அவருக்கு அடுத்தவள் தேவதர்ஷினி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண், பூமியைக் காப்போம் என்று லேப்டாப் முழுக்க ஸ்டிக்கர், அவள் வரும் முன்னே ரூமில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேம்பஸில் மழைநீர்க் குளம் ஒன்று இருக்கிறதே, போன தடவை வந்தபோது நீகூடப் போட்டோ எடுத்தாயே, அதன் அடியில் வெடிப்பு, ஒரு வாரம் தண்ணீர் நிற்காது. ஆவணியில் தரம் பார்க்கிற குழு வருவதற்கு முந்தின நாள் பதினோரு டேங்கர் லாரியில் பக்கத்துக் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நாலாம் நாள் குளம் வற்றிவிட்டது, நீரில் தன்னிறைவு என்று கொடுத்த சான்றிதழ் மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. குப்பைக்கு மூன்று நிறத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள், மூன்றையும் ஒரே டிராக்டரில் கொட்டச் சொல்லி உத்தரவு. கருணாபுரத்திலிருந்து குப்பை அள்ள வருகிற பாப்பாத்தி, "ஒண்ணாத்தான் கொட்டணும்னா மூணு டப்பா இன்னாத்துக்கு சார், எனக்கு மூணு வாட்டி குனியணும்" என்று நேராகவே கேட்டாள். இயக்குநர் சிரித்துவிட்டு, இந்தம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி என்று தேவதர்ஷினியிடம் இங்கிலீஷில் சொன்னார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சம்பளம் வாங்கினேன். ஆபீஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி நீ வருகிற இடம். என் பையனும் ஹாலந்தில் ஒரு யுனிவர்சிடியில் இதே வேலைக்குத் தலைவன், அவன் கீழே இருபது பேர் என்று பெருமைக்குச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. அதற்கப்புறம் உங்கள் மீட்டிங், உங்கள் ஒப்பந்தம். உங்கள் பேராசிரியர்கள் விமானத்தில் பறக்கிற புகைக்கு ஈடாக நம் கல்வராயன் மலையில் மரம் நடுவது, எங்கெங்கே நடலாம் என்று நீ சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைபடம் போட்டுக் கொடுப்பது. நாற்பத்தொரு இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, சீரழிந்த தரிசு நிலம் என்று குறித்து அனுப்பினாய். அந்த வரைபடத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து என் மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்தேன், கீழே உன் பெயர் இருக்கிறதல்லவா. வருகிறவர்கள் போகிறவர்களிடம் காட்டினேன். போன வருஷம் புரட்டாசியில் அந்தக் கட்டங்களுக்கு உரிய ஆட்களிடம் சம்மதப் பத்திரம் வாங்க வெள்ளிமலைக்கு மேலே போனோம். பத்திரத்தைத் தமிழில் டைப் அடித்தது நான். முப்பது வருஷத்துக்கு மரத்தை வெட்டவோ நிலத்தில் வேறு பயிர் செய்யவோ மாட்டேன் என்று ஏழாவது வரியில் இருக்கிறது. அதையும் நான்தான் அடித்தேன். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும், முழுக்கப் படிக்காதீங்க மேடம், சாராம்சம் சொன்னால் போதும் என்றார் இயக்குநர். கன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள், உங்கள் நிலத்தில் நட்டு அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நான் சாராம்சம் சொன்னேன். சாலம்மாள் என்று ஒரு மலைக்காரப் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஓரமாக வரப்பில் நாலு கன்று வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரி எம்மா" என்று கட்டைவிரலை நீட்டினாள். அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றிப் பேப்பரில் வைத்தது இந்தக் கை.

நடவு விழா ஐப்பசியில் நடந்தது, நீ வீடியோவில் பார்த்துக் கைதட்டினாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன். மலைப் பெண்கள் முப்பது பேருக்குப் பச்சைச் சேலை கொடுத்து வரிசையாக நிறுத்தினார்களே, அந்தச் சேலைகள் அவர்களுக்குக் கொடுத்தவை இல்லை. போட்டோ முடிந்ததும் அவிழ்த்துத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மலையில் அடுத்த விழாவுக்கு வேண்டுமாம். சேலை அவர்களுக்கு என்று நினைத்துச் சிலர் மஞ்சள்கூட வைத்துவிட்டிருந்தார்கள். வேனுக்குப் பின்னால் போய் ஒருவருக்கொருவர் மறைப்புப் பிடித்துக்கொண்டு பழைய சேலைக்கு மாறினார்கள், டிரைவர்கள் இந்தப் பக்கம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேலைகளை மடித்து வாங்கி மூட்டை கட்டுகிற வேலை எனக்கு. மஞ்சள் கறை பட்டதைப் பார்த்து, இது வாஷில் போகுமா மேடம் என்று தேவதர்ஷினி கேட்டாள். ஒரு கிழவி மட்டும் கொடுக்க மாட்டேன் என்று மாராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளிடமும் கெஞ்சி வாங்கினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "நீ இன்னாத்துக்கு வாங்குன, கீழ போட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை வாணா. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இந்த வருஷம் ஆடியில் சாலம்மாளும் அவள் வீட்டுக்காரர் கந்தசாமியும் சாமை விதைக்க ஏரும் மாடுமாகக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் வாட்ச்மேன், உள்ளே வரப்பில் நாலு கன்று இல்லை, காடு முழுக்க மகோகனி. இது யுனிவர்சிடி இடம், உள்ளே வந்தால் போலீஸ் என்றிருக்கிறான் வாட்ச்மேன். இரண்டு மாதம் யார் யாரிடமோ கேட்டு அலைந்துவிட்டுப் போன மாதம் சாலம்மாள் பஸ் ஏறி என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டாள். காலை பதினொன்றுக்கு வந்தவள் மூன்று மணி வரை வெளியே நின்றாள், சார் மீட்டிங்கில் இருந்தார். உள்ளே கூப்பிட்டதும் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "காடு எங்களுது சார். இந்த வருசம் வெதைக்கலைன்னா சாப்பாட்டுக்குச் சாமை இல்ல சார்." இயக்குநர் எழுந்து வந்து, ஜன்னலோரம் இருந்த ஒரு கன்றைத் தொட்டியோடு எடுத்து அவள் கையில் கொடுத்து, தோளுக்குப் பக்கத்தில் நின்று, தேவதர்ஷினியைப் போட்டோ எடுக்கச் சொன்னார். பரிசீலிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார். வெளியே போகும்போது தொட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆண்டறிக்கைக்கு அந்தப் போட்டோவின் கீழே என்ன எழுத வேண்டும் என்று சாயங்காலம் எனக்குத் துண்டுச்சீட்டு வந்தது. "நன்றி தெரிவிக்க மலையிலிருந்து நேரில் வந்த பயனாளி சாலம்மாள்." டைப் அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன்கூட. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவின் வண்டியில் மலைக்குப் போனேன்.

உன் சிவப்புக் கட்டம் எண் பதினேழு என்பது அந்தக் காடு. போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறேன், கேள். மகோகனியில் பாதி காய்ந்துவிட்டது. தரம் பார்க்கிற குழுவின் டிரோன் பறந்தபோது பச்சையாகத் தெரிய வேண்டுமே என்று காய்ந்த குழிகளில் புங்கங்கிளைகளை ஒடித்துச் செருகியிருக்கிறார்கள், அதுவும் இப்போது சருகு. ஒவ்வொரு குச்சியிலும் உங்கள் ஹாலந்துப் பேராசிரியர் ஒவ்வொருவர் பெயர் தகட்டில் தொங்குகிறது. சாலம்மாள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன், அவள் மோர் கொடுத்தாள். தரிசு என்று எழுதியிருக்கிறது என்று நான் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. "தரிசா? மூணு வருசம் வெதச்சா மூணு வருசம் வுட்டுருவோம் எம்மா, எங்க தாத்தன் காலத்துலருந்து அப்படித்தான். அது சும்மா கெடக்கல, தெம்பு ஏத்திக்கினு கெடக்குது. அதுவரிக்கும் நாங்க அந்தப் பக்கமே போவ மாட்டோம். இந்த ஆடியோட மூணு வருசம் முடிஞ்சுது" என்றாள். அவர்களுக்கு இரண்டு காடு. ஒன்று விளையும்போது மற்றது ஓய்வெடுக்கும். விளைந்த காட்டை இந்த வருஷம் ஓய்வுக்கு விட வேண்டியது, அதிலேயே திரும்ப விதைத்திருக்கிறார்கள், கதிர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கந்தசாமி குடகுக்குக் காப்பித்தோட்ட வேலைக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் கழித்துக் காடு கைக்கு வரும்போது சாலம்மாளுக்கு எழுபத்தைந்து வயது. நீ எந்த மூன்று வருஷப் படத்தைப் பார்த்துப் பயிர் இல்லை என்று எழுதினாயோ, அந்த மூன்று வருஷமும் அந்தக் காடு ஓய்வில் இருந்திருக்கிறது. உன் மற்ற நாற்பது கட்டத்தில் எத்தனை ஓய்வுக் காடோ எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

மலையிலிருந்து இறங்கிய கையோடு உனக்குப் போன் செய்தேன். என் பிள்ளை பதறுவான் என்று நினைத்தேன். நீ சொன்னதை வரிக்கு வரி எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்கும். "அம்மா, மூணு வருஷ இமேஜ் பாத்தோம், பயிர் இல்ல, மெத்தட் கரெக்ட்தாம்மா. நேர்ல போய் செக் பண்றது தீனதயாளன் சார் பொறுப்பு." சரி, தப்பு யாருடையதாகவும் இருக்கட்டும், திருத்து என்றேன். "இப்போ நான் தப்புன்னு எழுதினா மொத்த ப்ராஜெக்டும் நின்னுடும்மா, நானே இதை வெச்சுத்தான் ப்ரமோஷன் வாங்கியிருக்கேன். அவங்களுக்கு வேற எதாவது காம்பன்சேஷன் பாக்கச் சொல்றேன்" என்றாய். அதற்கப்புறம் சாப்பிட்டியாம்மா என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. தீனதயாளனைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது, ஆனால் அவர் யாரோ. நாளைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உன் குரலில் அவர் பேசியபோது வந்த அருவருப்பை என்ன செய்வது. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. உங்கள் யுனிவர்சிடி வெப்சைட்டில் உன் போட்டோவுக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறது, மக்களோடு சேர்ந்து இயற்கையை மீட்பவர் என்று தேவதர்ஷினி ஒருமுறை மொழிபெயர்த்துச் சொன்னாள். எந்த மக்கள் வாணா? அவர்களில் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை, விரலைப் பிடித்து ஒற்றியவள் நான். அதனால்தான் அடுத்து எழுதப்போவதில் என்னை முதலில் வைத்திருக்கிறேன்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க சாலம்மாளுக்காக மனு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்திலேயே நாலு பக்கம். தவறு செய்தவர்கள் என்று மூன்று பெயர். ஒன்று, பத்திரத்தை முழுக்கப் படித்துக்காட்டாமல் ரேகை வாங்கிய நான். இரண்டு, நேரில் பார்க்காமல் தரிசு என்று வரைபடம் போட்ட என் மகன் க. கலைவாணன். மூன்றாவதாகத்தான் தீனதயாளன். இதைக் கொடுத்த அன்றே என் வேலை போய்விடும், அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "போனா போவுது, மாட்டுக்குப் புல்லறுக்க ஆளில்ல" என்றார். போன வியாழக்கிழமை மனுவை எடுத்துப்போய் சாலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை ஒரு வரி விடாமல். உன் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "அது யாரும்மா, ஒங்க புள்ளயா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "புள்ள பேர எடுத்துடுங்க எம்மா. அது எங்கியோ குளுர்ல கெடக்குது, பொழைக்கப் போன புள்ள, அதுக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க தாங்க மாட்டீங்க. எங்க காடு வராட்டியும் போவுது" என்றாள். காடு போனவள் சொன்னாள் இதை. ப்ரமோஷன் வாங்கிய நீ அவளுக்குக் காம்பன்சேஷன் பார்க்கச் சொல்கிறேன் என்றாய்.

நான் பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியது அவளும் இல்லை, நானும் இல்லை. அந்த நாற்பத்தொரு கட்டத்தையும் நேரில் பார்க்காமல் குறித்தேன், ஓய்வுக் காட்டைத் தரிசு என்று எழுதியது தப்பு என்று உங்கள் யுனிவர்சிடிக்கும் இங்கே கலெக்டருக்கும் உன் பெயர் போட்டு எழுது. எனக்கு ஒரு நகல் மெயிலில் அனுப்பு, ஒப்புக்கு நாலு வரி வேண்டாம். அது வந்துவிட்டால் மனுவில் உன் பெயரை என் கையாலேயே அடித்துவிட்டு, தவறைத் தானே ஒப்புக்கொண்டார் என்று ஓரத்தில் எழுதுவேன், எழுதிவிட்டு அழுவேன் என்றும் நினைக்கிறேன். வராவிட்டால் இருப்பது இருக்கிறபடியே போகும்.

ஊசிக்காற்று அடிக்கும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. நல்ல புத்தியோடும் நீண்ட ஆயுளோடும் நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தக் கோபத்திலும் இந்த வேண்டுதல் மாறாது. தபாலாபீசில் பத்து நாளில் கடிதம் கிடைத்துவிடும் என்றார்கள். நான் மனுவோடு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போவது இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை, காலை எட்டரை பஸ்ஸில், சாலம்மாள் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். கிளம்புவதற்கு முன் ஒருமுறை மெயிலைத் திறந்து பார்ப்பேன்.

உன் வரவை அல்ல, உன் கையெழுத்தை எதிர்பார்க்கும்
அம்மா,
க. ஜெயசுதா.